பையில் வளரும் பிள்ளைகள்

தவணைப் பரீட்சையில் “கங்காருக் குட்டி எங்கே பிறக்கிறது?” என்று கேட்டால், வகுப்பில் பலர் “தாயின் பையிலே” என்று எழுதிவிடுவார்கள். அதற்காக யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. ஏறத்தாழ நானூறு ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு கப்பல் தலைவரும் இதே விடையைத்தான் எழுதி வைத்தார். அவர் பெயர் பிரான்சிஸ்கோ பெல்சார்ட். ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் ‘பத்தாவியா’ என்ற கப்பல் 1629ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அவுஸ்திரேலியாவின் மேற்குக் கரைக்கு அப்பாலுள்ள பவளப்பாறைத் தீவுகளில் மோதி உடைந்தது. (சில ஆண்டுகளின் பின் நமது நாட்டின் கரையோரங்களைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்ததும் இதே கம்பனிதான்.) அந்தத் தீவுகளில் பெல்சார்ட் ஒரு விசித்திரமான பிராணியைக் கண்டார். பூனையளவு உடல், மிகக் குட்டையான முன்னங்கால்கள், நீண்ட பின்னங்கால்கள், வயிற்றிலே கையை விடக்கூடிய ஒரு பை. பைக்குள்ளே ஒரு முலைக்காம்பு, அதன் நுனியில் அவரை விதையளவான ஒரு குட்டி. பார்த்ததை ஒழுங்காகவே எழுதினார். பின்னர், குட்டி அந்த முலைக்காம்பிலிருந்தே முளைத்து வளர்கிறது போலும் என்று முடிவு கட்டினார்.

கண்டது சரி, கொண்ட முடிவு பிழை. ஆனால் அந்தப் பிழைக்கு நியாயமான காரணம் இருந்தது. பையிலுள்ள சிறு குட்டியின் வாய்க்குள்ளே முலைக்காம்பு வீங்கிப் பருத்துவிடும். குட்டியும் வாயைத் திறந்து விடாது. பலாத்காரமாக இழுத்தால் இரத்தம் கசியும். மரத்தில் காய் ஒட்டியிருப்பது போல இரண்டும் ஒரே உடலாகவே தோன்றும். அவுஸ்திரேலியாவிற் குடியேறிய பலரும் நெடுங்காலம் இப்படியே நம்பினார்கள்.

உண்மையில் கங்காருக் குட்டியும் கருப்பையில்தான் உருவாகிறது. அங்கிருந்து வெளியே வந்துதான் பைக்குப் போகிறது. நடந்து போகிறது என்று சொல்ல முடியாது, ஏறிப் போகிறது.

செங்கங்காருவை எடுத்துக்கொள்வோம். கருப்பையில் குட்டி இருக்கும் காலம் 33 நாட்கள். நாம் வீட்டில் வளர்க்கும் முயலும் ஏறத்தாழ 31 நாட்களில் ஈன்றுவிடும். எனவே காலத்தை மட்டும் பார்த்தால் அதிசயம் ஒன்றும் இல்லை. ஆனால் தாயின் அளவைப் பாருங்கள். பெண் செங்கங்காருவின் நிறை ஏறத்தாழ 25 முதல் 30 கிலோகிராம் வரை இருக்கும். அது ஈனும் குட்டியின் நிறை ஒரு கிராமுக்கும் குறைவு. நமது மாத்தளையில் கொக்கோ தோட்டம் இருப்பவர்கள் காய்ந்த கொக்கோ விதை ஒன்றைக் கையில் எடுத்துப் பார்க்கலாம். ஏறத்தாழ அந்த நீளம், அந்தப் பாரம். தாயின் நிறையில் முப்பதாயிரத்தில் ஒரு பங்கு.

அந்தக் குட்டிக்கு உரோமம் இல்லை. கண் மூடியிருக்கும், காது மூடியிருக்கும். பின்னாளில் ஒரே பாய்ச்சலில் பல மீற்றர் தாண்டப்போகும் பின்னங்கால்கள் அப்போது வெறும் மொட்டுக்கள். ஆனால் மூன்று விடயங்கள் மட்டும் முன்கூட்டியே தயாராகியிருக்கும்: நகத்துடன் கூடிய முன்னங்கால்கள், மணம் அறியும் மூக்கு, பால் உறிஞ்சும் வாய். தாய் வாலை முன்னே நீட்டி, முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருக்கும். குட்டி முன்னங்கால்களை மாறி மாறி நீட்டி, தாயின் வயிற்று உரோமத்தைப் பற்றிப் பற்றி மேலே ஏறும். தாய் கையால் தூக்கி விடுவதில்லை. வாயாற் கௌவி வைப்பதும் இல்லை. சில நிமிடங்களில் குட்டி பையின் விளிம்பைத் தாண்டி உள்ளே இறங்கி, நான்கு முலைக்காம்புகளில் ஒன்றைக் கௌவிக்கொள்ளும். ஏறும் வழியில் விழுந்தால் அதோடு அதன் கதை முடிந்தது.

கௌவிய காம்பை ஏறத்தாழ 70 நாட்களுக்கு விடாது. ஐந்தாவது மாதமளவில் பைக்கு வெளியே தலையை நீட்டி எட்டிப் பார்க்கும். ஆறு மாதம் கடந்த பின் இறங்கித் தத்தித் தத்தி நடந்துவிட்டு, பயந்ததும் தலைகீழாகப் பைக்குள்ளே பாய்ந்துவிடும். எட்டாவது மாதமளவில் தாய் அதை மீண்டும் பைக்குள் ஏற விடாது. ஆனாலும் ஒரு வயது வரை வெளியே நின்றபடி தலையை மட்டும் பைக்குள் விட்டுப் பால் குடிக்கும். 33 நாட் கருப்பைக்குப் பின்னால் ஏறத்தாழ எட்டு மாதப் பை, அதன் பின்னும் பால். கணக்கு எங்கே இருக்கிறது என்று இப்போது தெரியும். மற்ற முலையூட்டிகள் கருப்பையில் செய்யும் வேலையின் பெரும் பகுதியைக் கங்காரு பாலினாற் செய்கிறது.

மார்சூப்பியல் என்று விஞ்ஞான நூல்கள் சொல்லும் இந்தக் கூட்டத்தை இங்கே பை முலையூட்டிகள் என்றே எழுதுகிறேன். மார்சூப்பியம் என்பது பணப்பையைக் குறிக்கும் பழைய இலத்தீன் சொல். முலையூட்டிகளில் மூன்று கூட்டம் உண்டு. பிளற்றிப்பசும் எக்கிட்னாவும் முட்டையிட்டு, குஞ்சு பொரித்த பின் பாலூட்டுபவை. அவற்றுக்கு முலைக்காம்பே இல்லை, தோலில் கசியும் பாலைக் குஞ்சு நக்கிக் குடிக்கும். இரண்டாவது கூட்டம் பை முலையூட்டிகள். மூன்றாவது, நாமும் ஆடு, மாடு, யானை, எலி, வௌவால், திமிங்கிலம் என்பனவும் அடங்கிய சூல்வித்தக முலையூட்டிகள்.

“பை முலையூட்டிகளுக்குச் சூல்வித்தகம் கிடையாது” என்று சில பயிற்சிப் புத்தகங்களிற் காண்கிறோம். இதுவும் திருத்தப்பட வேண்டியதே. அவற்றுக்கும் சூல்வித்தகம் உண்டு. ஆனால் அது பெரும்பாலும் கருவூண் பையிலிருந்து உண்டாகும் எளிமையான ஒன்று, கருப்பைச் சுவருக்குள் ஆழமாக வேரோடுவதில்லை, நிலைத்திருப்பதும் சில நாட்களே. அதற்கு முன் கருவானது மெல்லிய ஓட்டுறை ஒன்றினால் மூடப்பட்டு, கருப்பை சுரக்கும் திரவத்தை உறிஞ்சியே வளர்கிறது. நமது சூல்வித்தகம் அப்படியல்ல. கருப்பைச் சுவருக்குள் ஆழமாக ஊன்றி, ஒன்பது மாதமும் ஒட்சிசனையும் உணவையும் கொடுத்து, கழிவை வாங்கிக்கொண்டு, போதாததற்கு ஓமோன்களையும் சுரந்து தாயின் உடலுக்கே கட்டளையிடும் உறுப்பு அது. எனவே பரீட்சையில் “சூல்வித்தகம் இல்லை” என்று எழுதாமல் “குறுகிய காலமே நிலைக்கும் எளிய சூல்வித்தகம்” என்று எழுதுங்கள். இன்னொரு வேறுபாடு, பெண் பை முலையூட்டிக்குத் தனித்தனியான இரண்டு கருப்பைகள் உண்டு. அமெரிக்க ஒப்போசத்துக்கு லின்னேயஸ் சூட்டிய டைடெல்பிஸ் என்ற பெயரின் பொருளே ‘இரு கருப்பை’ என்பதுதான்.

நமது மாவட்டத்தில் கங்காரு இல்லாவிட்டாலும், ஒப்பிட்டுப் பார்க்க வெளியே தேடவேண்டியதில்லை. மாத்தளை, பொலன்னறுவை மாவட்டங்களிற் பரந்துள்ள வஸ்கமுவ தேசிய பூங்காவில் யானை இருக்கிறது. யானை கருச்சுமப்பது ஏறத்தாழ 22 மாதங்கள். பிறக்கும் கன்றின் நிறை 100 கிலோகிராமளவில் இருக்கும். பிறந்து சில மணி நேரத்துக்குள் எழுந்து நின்று, தாயின் முன்னங்கால்களுக்கிடையே உள்ள முலையைத் தேடிப் பிடிக்கும். அதே காட்டிலுள்ள கரடி வேறு விதம். பிறக்கும்போது குட்டி சிறியது, கண் திறக்காதது. கொஞ்சம் வளர்ந்து குகையை விட்டு வெளியே வந்ததும் தாயின் முதுகில் ஏறிக்கொள்ளும். கரடி வகைகளில் இப்படிக் குட்டியை முதுகிற் சுமந்து திரிவதை வழக்கமாகக் கொண்டது நமது கரடிதான். அழுங்கு தன் குட்டியை வாலின் அடியிற் சுமக்கும். பழந்தின்னி வௌவாலின் குட்டி பறக்கும் தாயின் மார்பில் ஒட்டிக்கொண்டு போகும். தேவாங்கு இரவில் இரை தேடும்போது குட்டியைக் கிளையிற் பற்றவைத்துவிட்டுப் போய், விடியுமுன் வந்து எடுத்துக்கொள்ளும்.

தம்புள்ளையிலும் சீகிரியாவிலும் குரங்குகளைப் பார்க்காத மாணவி இருக்கமாட்டாள். கையிலுள்ள பழப் பையைப் பறிப்பதை மட்டும் பார்க்காமல், அடுத்த முறை தாய்க்குரங்கின் வயிற்றையும் பாருங்கள். குட்டி நான்கு கைகால்களாலும் தாயின் உரோமத்தைப் பற்றித் தொங்கும். தாய் ஒரு கையும் கொடுக்காமல் மதிலுக்கு மதில் பாயும். இப்போது, வீட்டிற் பிறந்த குழந்தையின் உள்ளங்கையில் உங்கள் விரலை வையுங்கள். இறுக்கிப் பிடிக்கும். அந்தப் பிடியும் இந்தப் பிடியும் ஒரே வகையைச் சேர்ந்தவை. பற்றுவதற்கு உரோமம்தான் நமது தாய்மாரிடம் இல்லை.

ஆக, குட்டியை உடலோடு சுமப்பது பை முலையூட்டிக்கு மட்டும் உரிய சிறப்பன்று. எலியும் பூனையும் கண் திறக்காத குட்டிகளை ஈனுகின்றன, அதுவும் அவற்றுக்கு மட்டும் உரியதன்று. வேறுபாடு அளவிலே இருக்கிறது: எந்த நிலையிற் பிள்ளையை வெளியே விடுவது, மிகுதி வளர்ச்சியை எதைக்கொண்டு முடிப்பது என்பதிலே. மேற்கு அவுஸ்திரேலியாவில் பூந்தேன் உண்டு வாழும் தேன் பொசத்தின் குட்டி பிறக்கும்போது ஓர் அரிசி மணியிலும் பாரம் குறைந்தது. ஜூலியா கிரீக் டன்னார்ட் என்ற எலி போன்ற பிராணியின் குட்டி, சுவாசப்பை இன்னும் வேலை செய்யத் தொடங்காத நிலையிற் பிறக்கிறது. முதல் நாட்களில் அது தனக்கு வேண்டிய ஒட்சிசனின் பெரும் பங்கைத் தோலினூடாகவே எடுத்துக்கொள்கிறது!

வட அமெரிக்காவின் ஒப்போசம் 12, 13 நாட்களிலேயே ஈன்றுவிடும். ஒரு சூலில் இருபதுக்கு மேலும் பிறப்பதுண்டு. ஆனால் தாய்க்கு வழக்கமாக உள்ள முலைக்காம்புகள் 13. காம்பு கிடைக்காத குட்டிக்கு வாழ்வு கிடையாது. கேட்கக் கடினமாக இருக்கும், ஆனால் இயற்கையில் இவ்வாறும் உண்டு.

இனிச் சொல்லப்போவதுதான் இந்தப் பாடத்தில் என்னை மிகவும் கவர்ந்த பகுதி. செங்கங்காரு குட்டி ஈன்று ஓரிரு நாட்களுக்குள் மீண்டும் கருத்தரிக்கும். ஆனால் அந்தப் புதிய கரு ஏறத்தாழ நூறு கலங்கள் கொண்ட ஒரு சிறு பந்தாக வந்ததும் அப்படியே நின்றுவிடும். பையிலுள்ள குட்டி பால் உறிஞ்சுவதால் தாயின் உடலில் எழும் ஓமோன் சமிக்ஞையே அதை நிறுத்தி வைக்கிறது. முதற்குட்டி பையை விட்டுப் போகும் காலம் நெருங்க, உறிஞ்சுவது குறைய, நிறுத்தி வைத்த கரு மீண்டும் வளரத் தொடங்கும். மூத்த குட்டி பையைக் காலி செய்து ஓரிரு நாட்களில் இளையது பிறந்து பைக்கு ஏறும்.

ஆகவே நல்ல மழைக் காலத்தில் ஒரு தாய்க்கு ஒரே நேரத்தில் மூன்று பிள்ளைகள்: வெளியே புல் மேய்ந்துகொண்டு இடைக்கிடை பால் குடிக்க வரும் மூத்தது, பைக்குள்ளே காம்பைக் கௌவியிருக்கும் இளையது, கருப்பையிற் காத்திருக்கும் கடைக்குட்டி. பாலையும் கவனியுங்கள். சிறு குட்டிக்கு வேண்டியது கொழுப்புக் குறைந்த, நீர்த்த, சீனிச்சத்து மிகுந்த பால். பெரிய குட்டிக்கு வேண்டியது கொழுப்பு மிகுந்த தடித்த பால். தாய் இரண்டையும் ஒரே நேரத்திற் சுரக்கிறது. அருகருகே உள்ள இரண்டு முலைகள், ஒரே இரத்தம், ஒரே ஓமோன்கள், ஆனால் இருவேறு பால். ஒவ்வொரு பாற்சுரப்பியும் தன்னிடம் குடிக்கும் பிள்ளையின் வயதுக்கேற்பத் தனியே நடந்துகொள்கிறது. மூத்தது தனக்கென நீண்டு தொங்கும் பழைய காம்பைத் தேடியே வரும், தம்பியின் காம்பைத் தொடாது. (நம் வீடுகளிலுள்ள மூத்த பிள்ளைகள் கவனிக்க!)

டாமார் வொலபி என்ற சிறு கங்காருவில் ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். சிறு குட்டியொன்றை, மூத்த குட்டிக்குப் பாலூட்டிக்கொண்டிருந்த வேறொரு தாயின் பைக்கு மாற்றினார்கள். குட்டி வழமையை விட வேகமாக வளர்ந்தது. வளர்ச்சியின் வேகத்தைத் தீர்மானிப்பதில் குட்டியைப் போலவே தாயின் பாலுக்கும் பங்குண்டு என்பது இதனாற் புலனாயிற்று. பால் அங்கே உணவு மட்டுமன்று. பிறந்த குட்டிக்குச் சொந்தமாக நோய் எதிர்ப்புச் சக்தி இல்லை. தாயின் பாலிலுள்ள பிறபொருளெதிரிகளே பாதுகாப்பு. தாய் அடிக்கடி தலையைப் பைக்குள் விட்டு நக்கிச் சுத்தம் செய்வதும் அதற்காகத்தான்.

வரட்சி வந்தால் என்ன ஆகும்? புல் காய்ந்து தாயின் பால் குறையும்போது பைக்குட்டி இறந்துவிடும். உறிஞ்சுதல் நின்றதும் காத்திருந்த கரு வளரத் தொடங்கும். அதுவும் தப்பாவிட்டால் அடுத்தது. மழை எப்போது வந்தாலும் பைக்கு ஒரு குட்டி தயார். யானைக்கு இந்த வசதி இல்லை. பதினைந்து மாதம் சுமந்த பின் குளம் வற்றினாலும் அது சுமந்தே ஆகவேண்டும். பை முலையூட்டிகளைப் ‘பின்தங்கியவை’, ‘முழுமை பெறாத குட்டிகளை ஈனுபவை’ என்று தாழ்த்தி எழுதிய காலம் ஒன்று இருந்தது. அவுஸ்திரேலியாவின் உட்பகுதியில் மழை வரும் ஆண்டு எது, வராத ஆண்டு எது என்று சொல்ல முடியாது. அந்த மண்ணுக்கு இதைவிடப் பொருத்தமான முறை எதுவென்று அப்படி எழுதியவர்களைத்தான் கேட்க வேண்டும்.

எல்லாப் பைகளும் ஒரே மாதிரியானவை அல்ல. பாய்ந்து செல்லும் கங்காருவுக்குப் பை மேலே திறந்திருக்கும். மண் தோண்டும் வொம்பற்றுக்கு வாய் பின்பக்கம், இல்லாவிட்டால் தோண்டும் மண்ணெல்லாம் பிள்ளையின் மேலேதான். தென் அமெரிக்காவில் நீந்தி வாழும் ஒப்போசமொன்று நீருக்குள் இறங்கும்போது பையின் வாயை இறுக்கி மூடிக்கொள்ளும். கறையான் தின்னும் நம்பற்றுக்குப் பையே இல்லை, குட்டிகள் தாயின் வயிற்று உரோமத்துக்குள் தொங்கும். பெயரில் ‘பை’ இருப்பதனால் எல்லாவற்றுக்கும் பை இருக்கவேண்டும் என்பதில்லை. கோவாலாவின் குட்டியோ ஆறு மாதமளவில், தாயின் குடலிலிருந்து வரும் ஒருவகைக் களிபோன்ற கழிவை உண்ணும். அருவருக்காதீர்கள். யூகலிப்டஸ் இலையின் நஞ்சைச் சமாளித்துச் சமிபாடடையச் செய்யும் நுண்ணங்கிகளை இப்படித்தான் தாயிடமிருந்து பெறுகிறது.

பிறந்தவுடன் முன்னங்கால்களால் ஏறியே ஆகவேண்டும் என்ற கட்டாயத்துக்கு ஒரு விலையும் இருக்கலாம் என்று சில ஆய்வாளர் கருதுகின்றனர். முன்னங்கால் சிறகாக மாறினால் வௌவால், துடுப்பாக மாறினால் திமிங்கிலம். சூல்வித்தக முலையூட்டிகளில் இவை இரண்டும் உண்டு. பை முலையூட்டிகளில் இரண்டும் இல்லை.

இவை ஏன் நம் நாட்டில் இல்லை என்ற கேள்வி எழும். இலங்கையும் இந்தியாவும் அவுஸ்திரேலியாவும் அந்தாட்டிக்காவும் ஒரு காலத்தில் கொண்டுவானா என்ற ஒரே பெருநிலமாக இருந்தவை. ஆனால் நமது நிலத்துண்டு முன்னரே பிரிந்து வடக்கே நகர்ந்துவிட்டது. பை முலையூட்டிகளின் மூதாதைகள் தென் அமெரிக்காவிலிருந்து, அப்போது காடாக இருந்த அந்தாட்டிக்காவினூடாக அவுஸ்திரேலியாவுக்குச் சென்றது அதற்கு மிகப் பின்னரே. அந்தாட்டிக்காவின் சீமோர் தீவிற் கிடைத்த பை முலையூட்டிச் சுவடு 1982இல் வெளியிடப்பட்டபோது இந்தப் பாதைக்குச் சான்று கிடைத்தது. இன்றும் அமெரிக்காவில் நூற்றுக்கு மேற்பட்ட இனங்களும், அவுஸ்திரேலியா, நியூகினி மற்றும் அயல் தீவுகளில் அதைவிடக் கூடுதலான இனங்களும் வாழ்கின்றன. ஆசியப் பக்கமாக அவை வந்து நிற்கும் எல்லை இந்தோனேசியாவின் சுலாவெசித் தீவு. அங்கே கஸ்கஸ் என்ற மரவாழ் பிராணி இருக்கிறது. அதற்கு மேற்கே ஆழ்கடலைத் தாண்டினால் போர்ணியோ, அங்கே ஒன்றுகூட இல்லை. அல்பிரட் ரசல் வொலஸ் 19ஆம் நூற்றாண்டிற் கண்டறிந்த எல்லைக்கோடு இவ்விரண்டுக்கும் இடையில்தான் ஓடுகிறது. ஒல்லாந்தர் காலத்தில் நமது மலாய்ச் சமூகத்தவரின் முன்னோருள் ஒரு பகுதியினர் அந்தக் கிழக்குத் தீவுகளிலிருந்தே கொண்டுவரப்பட்டார்கள். கஸ்கஸை நேரிற் கண்டவர்கள் அவர்களுள் இருந்திருப்பார்கள்.

பெற்றோர் இதுவரை வாசித்து வந்திருந்தால், “இதனால் எங்களுக்கு என்ன?” என்று கேட்கலாம். அந்தக் கேள்விக்கு வருகிறேன்.

மனிதக் குழந்தை 37 வாரங்களுக்கு முன் பிறந்தால் குறைமாதக் குழந்தை. பிறப்பு நிறை 2500 கிராமுக்குக் குறைந்தால் நிறை குறைந்த குழந்தை. இப்படிப் பிறந்த குழந்தைக்குத் தோல் மெல்லியது, தோலின் கீழே கொழுப்புக் குறைவு. ஈரத்துணியிலிருந்து நீர் ஆவியாவது போல உடற்சூடு போய்விடும். சிலவேளை மூச்சு விட மறந்துவிடும். உறிஞ்சிக் குடிக்கத் தென்பு போதாது. கருப்பையிலிருந்து முன்கூட்டியே வெளியே வந்துவிட்டது, ஏறிப் போகப் பை இல்லை.

கொலம்பியா நாட்டின் தலைநகரான பொகோட்டாவில், தாய் சேய் வைத்தியசாலை ஒன்றில் 1978ஆம் ஆண்டு எட்கார் ரே சனாப்ரியா என்ற வைத்தியர் இந்தப் பிரச்சினையை எதிர்கொண்டார். அங்கே குழந்தைகளைச் சூட்டில் வைக்கும் இன்கியூபேட்டர்கள் போதவில்லை. ஒன்றுக்குள் இரண்டு மூன்று குழந்தைகளைக் கிடத்தினார்கள். ஒன்றின் தொற்று மற்றொன்றுக்கு ஒட்டியது. வாரக்கணக்கிற் பிரிந்திருந்த தாய்மார் சிலர் குழந்தையை விட்டுவிட்டே போனார்கள். கங்காருவை நினைவில் வைத்து அவர் ஒரு முறையைத் தொடங்கினார். குழந்தையைத் தாயின் மார்போடு தோலோடு தோலாகக் கட்டிவிடுவது. அடுத்த ஆண்டு ஹெக்டர் மார்டினெஸ் என்ற வைத்தியரும் இணைந்துகொண்டார். ‘கங்காருத் தாய்ப் பராமரிப்பு’ என்ற பெயர் உலகெங்கும் பரவியது.

தொடக்கத்தில் இது ஏழை நாடுகளுக்கான மாற்று வழி என்றே கருதப்பட்டது. இன்கியூபேட்டர் இருந்தால் இது எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. 2021இல் வெளிவந்த ஓர் ஆய்வு அந்தக் கேள்விக்கு விடை கொடுத்தது. இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தன்சானியா ஆகிய ஐந்து நாட்டு வைத்தியசாலைகளில், ஒரு கிலோகிராமுக்கும் 1.8 கிலோகிராமுக்கும் இடைப்பட்ட நிறையிற் பிறந்த மூவாயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகளை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பகுதியினருக்குப் பிறந்த உடனேயே கங்காருப் பராமரிப்பு. மறு பகுதியினருக்கு, உடல்நிலை சீரான பின்னர். முதல் 28 நாட்களில் இரண்டாவது பகுதியில் நூற்றுக்கு 15.7 குழந்தைகள் இறந்தன. முதற் பகுதியில் நூற்றுக்கு 12. வித்தியாசம் இவ்வளவு தெளிவாகத் தெரிந்ததும், மற்றக் குழந்தைகளுக்கு இதை மறுப்பது நியாயமன்று என்று ஆய்வையே முன்கூட்டி நிறுத்திவிட்டார்கள். 2022இல் உலக சுகாதார நிறுவனம், குறைமாதக் குழந்தைக்கும் நிறை குறைந்த குழந்தைக்கும் பிறந்த உடனேயே இதைத் தொடங்கும்படியும், ஒரு நாளில் 8 மணி முதல் 24 மணி வரை, இயன்றளவு கூடுதலாகச் செய்யும்படியும் பரிந்துரைத்தது. உடனடியான உயிர்காப்புச் சிகிச்சை தேவைப்படும் குழந்தைகளுக்கு முதலில் அந்தச் சிகிச்சை. எதை எப்போது என்பதை வைத்தியரே தீர்மானிப்பார்.

செய்முறை எளிது. குழந்தைக்கு நெப்பியும் தொப்பியும் மட்டும். தாயின் இரு மார்புகளுக்கிடையே நிமிர்த்தி, நெஞ்சோடு நெஞ்சு பொருந்த வைத்து, தவளைக் கால் போல மடக்கி, தலையை ஒரு பக்கம் திருப்பி மூச்சுத் தடைப்படாதவாறு வைக்க வேண்டும். மேலே ஒரு துணியால் இறுக்கிக் கட்ட வேண்டும். தாய் தலையணையிற் சாய்ந்தபடி இருக்கலாம். தாயின் நெஞ்சுச் சூடு குழந்தையின் சூட்டைக் காக்கும். தாயின் மூச்சும் அசைவும் குழந்தைக்கு மூச்சு நினைவூட்டும். பால் சுரப்பும் கூடும். இங்கே நமக்கும் கங்காருவுக்கும் ஒரு நெருக்கம் உண்டு: குறைமாதத்தில் ஈன்ற தாயின் பாலில் முதல் வாரங்களில் புரதம் கூடுதலாக இருக்கும். அவளது உடலுக்கும் பிள்ளையின் நிலை ஓரளவு தெரிகிறது போலும். எனவே “பால் தண்ணியாக இருக்கிறது” என்று சொல்லி மாப்பால் டின்னைத் திறக்கும் உம்மும்மாமார் சற்றுப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நம் வீடுகளிற் கேட்கப்படும் இன்னும் சில கேள்விகள் உண்டு. விருந்தினர் வந்துபோகும் வீட்டில் மறைப்புக்கு என்ன செய்வது? முன்பக்கம் திறக்கும் தளர்ந்த சட்டையும் அதன் மேலொரு சால்வையும் போதும், குழந்தை இருப்பதே வெளியே தெரியாது. உம்மா குளிக்க, தொழ, சாப்பிடப் போகும்போது? வாப்பா கட்டிக்கொள்ளலாம். ஆணின் நெஞ்சிலும் அதே சூடு இருக்கிறது. மாமியும் ராத்தாவும்கூடச் செய்யலாம், கையை நன்றாகக் கழுவி, தடிமன் காய்ச்சல் இல்லாதிருந்தால். ஆனால் குழந்தை பார்க்க வந்தவர்கள் ஒவ்வொருவராக வாங்கி முத்தமிடும் பழக்கத்தை இந்தக் குழந்தையிடம் மட்டுமாவது நிறுத்த வேண்டும். நமது நாட்டு வைத்தியசாலைகளின் குழந்தைப் பிரிவுகளில் இந்த முறையைத் தாய்மாருக்குச் சொல்லிக்கொடுக்கும் தாதியர் இருக்கிறார்கள். வீடு வந்த பின் குடும்ப நல மருத்துவ மாதுவிடம் கேட்கலாம்.

எத்தனை நாளைக்கு என்று தாய்மார் கேட்பார்கள். அதைப் பெரும்பாலும் குழந்தையே அறிவிக்கும். நிறை 2500 கிராமை நெருங்கும் காலத்தில், துணிக்குள்ளே நெளியத் தொடங்கும், கையை வெளியே இழுக்கும், காலால் உதைக்கும், கட்டினால் அழும்.